பட்டர் பேப்பரை உரித்தவள்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. அதனால் இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் என் நம்பரை நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள், ஆகவே கடிதம். உங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். உங்கள் கடைக்கும் எங்கள் கடைக்கும் மாவு மூட்டை இறக்குகிறவர் ஒருவர்தான். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கு மே 18 கல்யாணம். யாரோடு என்று நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் டிராவல்ஸ்காரி ஹால் பார்த்து, பத்திரிகை அடித்து, அன்றைக்கு நான் என்ன நிறத்தில் உடுத்த வேண்டும் என்பது வரைக்கும் முடிவு பண்ணிவிட்டாள்.

கடைக்கும் வர ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் உட்கார்ந்து வரைந்த ஜன்னலோர மேசை இப்போது பின்கட்டில் காலி டின்களைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில், கேக்கின் மேல் ஒட்டுகிற போட்டோவை அச்சடிக்கும் மெஷின் வரப்போகிறதாம். "இனிமே யாரும் பட்டர் பேப்பரை வச்சுக்கிட்டு முதுகொடியக் குனிய வேணாம், பட்டனைத் தட்டினா மூஞ்சி வந்துடும்" என்கிறாள். என்னைக் கல்லாவில் உட்கார வைப்பாளாம். எனக்குக் கூட்டல் வராது என்று உங்களுக்கே தெரியும்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கல்யாணக் கேக்கில் அவர்கள் இரண்டு பேர் முகமும் கையால் வரைந்தது வேண்டுமாம். மெஷின் ஜூனில்தான் வருகிறது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. "அந்த ரெண்டு பறவை கேக் வரைஞ்சீங்களே, அதே கை வேணும்" என்று என்னிடம் கேட்டாள். அதை நான்தான் வரைந்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு நான் இல்லை என்று சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கோடு வராது அண்ணி. போட்டோவின் மேல் தாளை வைத்து மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். எந்தக் கோட்டை எடுப்பது, எந்தக் கோட்டை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எடுத்தேன், அண்ணனுக்குத் தொண்ணூறு வயசாகிவிட்டது. பாதியை விட்டேன், பூசணிக்காயாகிவிட்டார்.

இன்னொன்றும் கேட்கிறேன், ஒரேயடியாகத் திட்டிவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு இந்த வீட்டில் இடம் இருக்காது. இருந்தாலும் இருக்க எனக்குப் பிடிக்காது. உங்கள் பட்டறையில் ஒரு மூலை கிடைக்குமா? பறவை கேக் விஷயத்தில் உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கும். இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள்,
இடக்கை


ஏப்ரல் 11

இடக்கைக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்து, அடித்து, வேறு தாள் எடுத்திருக்கிறேன்.

உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி என்று தெரியும். இவ்வளவு ஜாஸ்தி என்று தெரியாது. என்னைக் கட்டியிருந்தவனுக்கு இரண்டாம் கல்யாணம், அதற்கு ஒரு கேக், அதில் அவன் மூஞ்சியை நான் வரைந்து தர வேண்டும். இன்னும் ஏதாவது உண்டா? ஹால் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்பட்டுமா?

பறவை கேக்கை நீ ஒரு வரியில் தாண்டிவிட்டாய். நான் தாண்ட மாட்டேன், உட்கார்ந்து கேள்.

பதினொரு வருஷம் நானும் நீயும் ஒரே மேசையில் இருந்தோம். நான் வரைவேன், நீ உன் இடக்கையால் கேக்கில் ஏற்றுவாய். கேக்கின் மேல் கவிழ்க்கும்போது இடம் வலமாகிவிடும் என்பதற்காக, முகமோ பெயரோ எல்லாவற்றையும் நான் திருப்பி வரைந்து கொடுப்பேன். அந்தத் தாளின் மேல் நீ பட்டர் பேப்பரை ஒட்டி, சாக்லேட்டால் கோடு ஓட்டி, க்ரீமால் நிரப்பி, ஃப்ரீசரில் கல்லாக்கி, கேக்கின் மேல் கவிழ்த்துப் பேப்பரை உரிப்பாய். எல்லாம் நேராக நிற்கும். திருப்பி எழுதியதைப் படித்துப் படித்து, உனக்கு நேர் எழுத்தும் திருப்பிய எழுத்தும் ஒன்றாகவே போய்விட்டது. எது எப்படி எழுதியிருக்கிறது என்று நின்று யோசித்தால்தான் உனக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி நாம் சிரிப்போம்.

அப்படி இருந்தவள் ஒருநாள் வந்து சொன்னாய்: "அண்ணி, ரெண்டு பறவை வேணும், அலகு அலகு உரசுற மாதிரி. பல் டாக்டர் வீட்டம்மாவுக்குப் பொறந்த நாளாம்." பெயர் என்ன என்று கேட்டேன். "அந்த எடத்தைக் காலியா விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாய். பதினொரு வருஷத்தில் நீயே பெயர் எழுதிக்கொள்கிறேன் என்றது அன்றைக்குத்தான். எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. பல் டாக்டருக்கு மனைவிமேல் எவ்வளவு ஆசை, நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே என்று பெருமூச்சு விட்டபடி இறகு இறகாக வரைந்தேன்.

மூன்று மாதம் கழித்து, அம்மாவைப் பார்க்கப் போவதற்கு டிக்கெட் எடுக்க அந்த டிராவல்ஸ் படியேறினேன். அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு போட்டோ. கேக் வெட்டுகிறாள். கேக்கில் என் பறவைகள். பக்கத்தில் ஓர் ஆள், தலை போட்டோவுக்கு வெளியே போய்விட்டது, சட்டைக் கை மட்டும் தெரிகிறது. அந்தச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் அறுந்தபோது வேறு நிறத்தில் ஒன்றை வைத்துத் தைத்தவள் நான். "எங்க போகணும் மேடம்?" என்று அவள் கேட்டாள். எனக்கு ஊர்ப் பெயர் மறந்துவிட்டது.

வந்து முதலில் உன்னிடம்தான் கேட்டேன். அவனிடம் இல்லை, உன்னிடம். "உனக்குத் தெரியுமாடி?" என்றேன். "எனக்கென்ன அண்ணி தெரியும், ஆர்டர் வந்துச்சு, செஞ்சேன்" என்று கேக் தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் செய்தது துரோகம். அதை எல்லா ஊரிலும் செய்கிறார்கள். நீ செய்ததற்கு என்ன பெயர் என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னை விட்டே வரைய வைத்தாயே.

கோடு கிடையாது. ஒரு புள்ளிகூடக் கிடையாது. இங்கே மூலையும் கிடையாது.

இப்படிக்கு,
முன்னாள் அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டியதற்கு நன்றி. கேலி இல்லை, நிஜமாகத்தான் எழுதுகிறேன். இரண்டு வருஷமாக என்னை யாரும் இவ்வளவு உரிமையோடு திட்டவில்லை. இங்கே திட்டினால்கூட ஏதோ வாடகைக்கு இருப்பவளைத் திட்டுகிற மாதிரிதான் திட்டுகிறார்கள்.

எனக்குத் தெரியும். பறவை கேக் ஆர்டர் வந்த அன்றே தெரியும். ஃபார்மில் பெயரை அண்ணன் கையெழுத்தில் பார்த்தேன். கேட்டேன். "வாயைத் தொறந்தே, அன்னைக்கே உன் பெட்டி தெருவுல இருக்கும்" என்றார். நான் கல்யாணம் ஆகாதவள், அவர் வீட்டில் சாப்பிடுகிறவள். எங்கே போவேன் சொல்லுங்கள். நீங்கள் வந்து கேட்டபோது நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் நிமிரவில்லை.

ஆனால் மனசால் நான் உங்கள் பக்கம்தான் அண்ணி. அன்றைக்கும் உங்கள் பக்கம், இன்றைக்கும் உங்கள் பக்கம். வாய்தான் இல்லாமல் போயிற்று. இன்னொரு தடவை அப்படி ஒரு நிலைமை வந்தால் நான் வேறு மாதிரி நடப்பேன். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப் போடத் தோன்றினால் கிழியுங்கள், வேறு பிரதி இருக்கிறது. அண்ணன் வழக்கம்போல் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார், கழுத்துக்குக் கீழே வரைய வேண்டாம்.

தாள் மே பத்துக்குள் வந்தால் போதும்.

உங்கள்,
இடக்கை


ஏப்ரல் 27

அன்புள்ள இடக்கைக்கு,

போன கடிதத்தில் இரண்டு வருஷத்துக் கோபத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது. கொட்டியதும் கை லேசாகிவிட்டது. போட்டோவைக் கிழிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாளை வைத்து, மூன்று காலைப் பொழுதில் வரைந்து முடித்துவிட்டேன்.

உன் அண்ணன் முகத்தை வரையும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணை மூடினாலும் வரும் முகம்தானே. மூக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக வந்தது. அழித்துச் சரி பண்ணினேன் என்றால் நம்புவாயா? பண்ணவில்லை. அவள் முகம் அழகாகத்தான் இருக்கிறது, அழகாகவே வரைந்திருக்கிறேன். தொழிலில் நான் விளையாட மாட்டேன்.

தாளை இத்துடன் சுருட்டி வைத்திருக்கிறேன். முகங்களையும் பெயர்களையும் வழக்கம்போல் திருப்பி வரைந்திருக்கிறேன், நீ ஒன்றும் மாற்ற வேண்டாம். கோட்டுக்கு அடர்த்தியான சாக்லேட். அவள் உதட்டுக்குச் சிவப்பைக் கொஞ்சமாகத் தொடு, ஃப்ரீசரில் நிறம் ஏறும். நிரப்பி முடித்ததும் மேலே ஒரு சுற்று வெள்ளை க்ரீமைப் பூசிச் சமப்படுத்து, இல்லாவிட்டால் உரிக்கும்போது குழி விழும். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், பழக்கம்.

முகங்களுக்குக் கீழே ஒரு கொடி ஓடுகிறது. அதை ஒரு வளைவு விடாமல் போடு. முகம் பிசகினாலும் பிசகட்டும், கொடி பிசகக் கூடாது. நீ என் பக்கம் என்று எழுதியிருந்தாய். இன்னொரு தடவை வந்தால் வேறு மாதிரி நடப்பேன் என்றும் எழுதியிருந்தாய். கொடியைக் கேக்கில் ஏற்றிவிட்டு எனக்கு எழுது, என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் எழுது. மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வா.

இங்கே என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். நல்ல பெண்கள். ஆனால் பேப்பர் உரிக்கும்போது ஓரத்தில் ஒரு விரற்கடை க்ரீம் அதோடு போய்விடுகிறது. உன்னைப் போல ஒரே இழுப்பில் உரிக்கிற கை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

உன்,
அண்ணி


மே 7

அண்ணி,

தாள் வந்தது. முகங்கள் அச்சாக இருக்கின்றன. அண்ணன் பார்த்துவிட்டு "பரவாயில்லையே, உன் கை தேறிடுச்சே" என்றார். மூக்கை அவர் கவனிக்கவில்லை.

அளவு பார்ப்பதற்காகப் பட்டர் பேப்பரை விரித்துக் கொடியில் சாக்லேட் கோனை வைத்தேன். மூன்றாவது இலையில் கை நின்றுவிட்டது. காம்பெல்லாம் எழுத்தாகிவிட்டது. 'இதையும் வரைந்தவள் முதல் மனைவி.' நான்கு சொற்கள். தாளில் பார்க்கிற மற்றவர்களுக்கு அது இலைதான், கேக்கில் கவிழ்ந்ததும் எழுத்தாகிவிடும். எனக்கு அப்படியா? இப்போது கண்ணை மூடினாலும் அதுதான் தெரிகிறது.

அண்ணி, இருநூறு பேர் வருகிறார்கள். அவள் ஆபீசே வருகிறது. அந்த 'இதையும்' என்ற சொல் ஒன்று போதும், பறவை கேக் யார் வரைந்தது என்று அவளுக்கு விளங்கிவிடும். அண்ணன் என்னைக் கொன்றுபோடுவார். நீங்கள் அன்றைக்கு ஹாலில் இருக்க மாட்டீர்கள். நான் கத்தியும் கையுமாகக் கேக் பக்கத்தில் நிற்க வேண்டியவள்.

கொடி இல்லாமல் இன்னொரு தாள் அனுப்ப முடியுமா? இல்லாவிட்டால் எழுத்தை விட்டுவிட்டு வெறும் இலையைப் போடட்டுமா? கோபப்படாமல் பதில் எழுதுங்கள்.

இடக்கை


மே 11

இடக்கைக்கு,

வேறு தாள் கிடையாது.

எழுத்தை விட்டுவிட்டு இலையை மட்டும் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போடலாம். கோன் உன் கையில், கேக் உன் முன்னால். நான் கேட்டது என்ன என்று உனக்குத் தெரியும். இனி இதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

அண்ணி


மே 20

என் அன்பு அண்ணிக்கு,

போட்டுவிட்டேன்! நான்கு சொல்லும், ஒரு வளைவு விடாமல்!

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கல்யாணத்தன்று காலையில் ஃப்ரீசரிலிருந்து தட்டை எடுத்துக் கேக்கின் மேல் கவிழ்த்தேன். ஒரே இழுப்பு. பட்டர் பேப்பர் உரிந்து வந்ததும் இரண்டு முகமும் பளிச்சென்று சிரிக்கின்றன, கீழே உங்கள் எழுத்து முத்து முத்தாக நிற்கிறது. எனக்கே ஒரு நிமிஷம் படித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. பிறகு மூடி போட்டு மூடி ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் கழுத்தை இறுக்குகிற கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தார். டிராவல்ஸ்காரி முகத்தில் அப்பியிருந்த பவுடரில் நம் கடைக்கு ஒரு நாளைக்கு மாவு தேவைப்படாது. மூடியைத் திறந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். "எங்க வீட்டு ஆர்ட்டிஸ்ட்" என்று அவள் என் தோளில் கை போட்டாள். அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது, பொறுத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் அவளுடைய பெரியம்மா. "அடியில என்னமோ எழுதியிருக்கே" என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். எழுத்துக் கூட்டி, எழுத்துக் கூட்டி, சத்தமாக, "இதையும்... வரைந்தவள்... முதல்..." அதோடு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். போட்டோகிராபர் எட்டிப் பார்த்து மீதியைப் படித்தார்.

"என்னடி இது?" என்றார் அண்ணன். நான் என்ன செய்தேன் தெரியுமா? நிமிர்ந்தேன். "படிச்சீங்கல்ல, அதுதான். பறவை கேக்கையும் அண்ணிதான் வரைஞ்சாங்க, நான் இல்ல. அவங்களை ஏமாத்தி வரைய வச்சோம், நீங்களும் நானும்" என்றேன். இருநூறு பேர் முன்னால். அண்ணன் முகம் ஊறப்போட்ட துணியாகிவிட்டது. அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஒப்பனை அறைக்கு ஓடினாள். கேக்கை யாரும் தொடவில்லை. நான் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டேன்.

எனக்கு இப்போது பயமே இல்லை அண்ணி. இந்த வீட்டில் இரண்டு வருஷமாக நான் சிரித்ததெல்லாம் நடிப்பு. அண்ணன் ஒரு கோழை, வெளியில் பூனை, வீட்டில் புலி. அவளுக்கு என் அண்ணனைப் பிடிக்காது, கடையைத்தான் பிடிக்கும். அது தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு திரிகிறார். அவளுடைய மெஷின் வரட்டும். வந்த அன்றைக்கே அதன் உள்ளே ஒரு கரண்டி சர்க்கரைப் பாகை ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவேன். பட்டனைத் தட்டட்டும், மூஞ்சி வருகிறதா பார்க்கலாம்.

பெட்டி கட்டி ஆயிற்று. வரச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். நம் மேசை எந்தப் பக்கம் இருக்கிறது?

என்றும் உங்கள் பக்கம்,
இடக்கை


மே 28

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை வாங்கியதும் அடுப்பைக்கூட அணைக்காமல் நின்றபடியே படித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, பவுடரையும் மாவையும் பற்றி எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "யாருக்கா இது?" என்று கேட்டார்கள். "என் நாத்தனார், அடுத்த வாரம் வர்றா" என்றேன். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தேன். நீ நிமிர்ந்தாய் என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாள் இவளை வைதோமே என்று என்னையே வைதுகொண்டேன்.

மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் பெரியம்மாவிடம் நின்றேன்.

அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாளா? எப்படி? முகங்களையும் பெயர்களையும் திருப்பி வரைந்திருக்கிறேன் என்றுதானே உனக்கு எழுதினேன். கொடியைத் திருப்பவில்லை. அந்த நான்கு சொல்லை மட்டும் தாளில் நேராக எழுதினேன். அதை நீ ஏற்றிக் கவிழ்த்திருந்தால் கேக்கில் எல்லாம் இடம் வலம் மாறி, பின்னல் பின்னலாக விழுந்திருக்கும். பெரியம்மா அல்ல, அவளுடைய கண் டாக்டரே வந்து குனிந்தாலும் இலை என்றுதான் சொல்லியிருப்பார். இருநூறு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உனக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது.

தாளில் பார்த்தபோது உனக்கு அது உறைக்கவில்லை. எதை எப்படி எழுதினாலும் உனக்குப் படிக்க ஒன்றுதானே, அதை நம்பித்தான் எழுதினேன். ஆனால் அந்த எழுத்தைப் போட்டுப் பேப்பரை உரித்தவளுக்குத் தெரிந்திருக்கும். கேக்கில் பெயர்கள் நேராக நிற்க, கொடி மட்டும் திரும்பி நிற்பதைப் பார்த்த அந்த நொடியே, "அட, அண்ணி திருப்பாம எழுதிட்டாங்களே" என்று நீ தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். 'முத்து முத்தாக' என்று எழுதியிருக்க மாட்டாய். பதினொரு வருஷம் பேப்பர் உரித்தவள், போடாத எழுத்தைப் பற்றி எழுதும்போது கவிழ்த்தால் மாறும் என்பதை மறந்துவிட்டாய். தொழில் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அந்த எழுத்து அவர்களுக்கு இல்லை, உனக்கு. நீ ஒருத்தி படிப்பாய், படித்துவிட்டு என்ன செய்கிறாய் என்று பார்க்க வேண்டும் என்றுதான் எழுதினேன். முதல் தடவை பயத்தில் என்னை விற்றாய், சரி. இரண்டாவது தடவையும் பயமாக இருக்கும், இருந்தாலும் போடுவாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. நடுங்கிக்கொண்டே போட்டு, பேப்பரை உரித்துப் பார்த்து, ஒன்றும் ஆகாது என்று தெரிந்து அங்கேயே உட்கார்ந்து சிரித்திருப்பாய். நானும் இங்கே சிரித்திருப்பேன். 'போட முடியவில்லை அண்ணி, மன்னித்துவிடுங்கள்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால்கூட நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அநேகமாக வா என்றுதான் எழுதியிருப்பேன்.

நீ பயந்ததை நான் பொறுத்துக்கொள்வேன். நிமிர்ந்தேன் என்று எழுதினாயே, அதைப் பொறுக்க மாட்டேன். நான் இரண்டு வருஷமாக எதை நினைத்து நினைத்துச் செத்தேனோ, அதையே எடுத்து எனக்கு இனிப்பாகத் தடவிக் கொடுத்திருக்கிறாய். நான் அழுதேன். அதற்காக உன்னை நான் சும்மா விடப்போவதில்லை.

மேசை எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தாய். ஜன்னலோரம், வெளிச்சம் உன் வலப்பக்கமிருந்து வரும்படி. உன் கை நிழல் வேலைமேல் விழக் கூடாது என்று ஆளை வைத்து நகர்த்தி, விளக்கையும் மாற்றினேன். நாளை முதல் அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அதில் உட்காருவாள். ஓரம் பிய்ந்தால் பிய்யட்டும்.

உன் மே 20 கடிதம் நன்றாக எழுதிய கடிதம். நான் ஒருத்தி படித்துவிட்டு வைத்துக்கொள்வது அநியாயம். அண்ணன் கோழை என்றும், பூனை என்றும், அவளுக்குக் கடைதான் வேண்டும் என்றும், பறவை கேக்கை வரைந்தது நான் என்றும், மெஷினில் பாகை ஊற்றப் போகிறாய் என்றும் உன் கைப்பட, இடப்பக்கம் சாய்கிற உன் எழுத்திலேயே இருக்கிறது. அதை அப்படியே மடித்து, வேறு உறையில் போட்டு, உன் அண்ணன் பெயரை எழுதிவிட்டேன். ஹாலில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். நடக்க வேண்டும் என்று நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்பதும் இனித் தெரியும். எனக்கு இதில் சந்தோஷம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. உறையை நாக்கால் நனைத்து ஒட்டும்போது நன்றாகவே இருந்தது.

இந்தக் கடிதத்தையும் அந்த உறையையும் ஒரே தபால் பெட்டியில் ஒரே நேரத்தில் போடுகிறேன். இரண்டும் ஒரே வீட்டுக்கு வருகிறவை, தபால்காரர் சேர்த்துத்தான் கொடுப்பார். யார் கையில் கொடுப்பார் என்பது உன் அதிர்ஷ்டம். உன் கையில் கொடுத்தால் அவன் உறையை நீ ஒளித்துவிடுவாய். ஒளித்துவிட்டு, நான் இன்னொன்று அனுப்புவேனோ என்று தினமும் வாசலில் போய் நிற்பாய். அனுப்புவேனா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கு இதுவரை அண்ணி